பாதைக்கு ஒரு வரி

1. டோக்கன் அவசரம்

பத்திரம் எழுதும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பெருமையைச் சொல்ல அல்ல. அப்படிச் சொல்ல இதில் ஒன்றும் கிடையாது.

கீரனூரில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதினேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. பதிவு ஆபீசில் கொடுத்த டோக்கன் நேரம் நெருங்கும்போது யாராவது குறுக்கே பேசினால் எரிந்து விழுவேன். ஒரு நாள் காலை ஆவூர்ப் பக்கமிருந்து சவரிமுத்துவும் அவருடைய சித்தப்பா மகன் அருளப்பனும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வந்திருந்தார்கள். கண்மாயை ஒட்டிய இரண்டு ஏக்கர் நஞ்சை சவரிமுத்துவுக்கு. அதற்கு முன்னால் ரோட்டோரமாக இருந்த சரளை மேடு அருளப்பனுக்கு. அது ஆடு மேயத்தான் லாயக்கு என்பதால் அளவில் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள்.

முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. வாசித்துக் காட்டினேன். சவரிமுத்து தலையைச் சொறிந்தார்.

"அய்யா, என் வயலுக்கு வண்டி தம்பி நெலத்து வழியாத்தான் போகணும். பாதைக்கு ஒரு வரி போட்டுருங்க. பிள்ளைக காலத்துல வம்பு வரக்கூடாதுல்ல."

அருளப்பன் சிரித்தார். "ஏண்ணே, ஒங்கள நான் மறிக்கவா போறேன்? எப்பவும் போற பாதைதானே, போங்க."

"இதுக்கு மேல என்னய்யா வேணும் ஒமக்கு? மறுபடி முத்திரைத்தாள் வாங்கி அடிக்கணும், டோக்கன் போயிரும். கையெழுத்தப் போடும்" என்று கத்தினேன். சாட்சிகள் இருவரும் அப்போது எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து கையெழுத்துப் போட்டார்.

தாய்ப்பத்திரத்திலும் பாதை கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய பாட்டன்மார் பஞ்சம் பிழைக்க மாட்டோடு வந்து, காரைப்புதரையும் சூரமுள்ளையும் வெட்டி, தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தவர்கள். அப்போது கண்மாய்க்குப் பக்கத்தில் இருப்பதுதான் நிலம். மேட்டை எவனும் சீந்தமாட்டான். எல்லாம் ஒரே குடும்பம், வண்டி எங்கிட்டும் போகும். யார் பாதையைப் பேப்பரில் எழுதுவார்கள்? அவர்கள் எழுதாதது நியாயம். நான் அதைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தது சோம்பேறித்தனம்.

2. விலை திரும்பிய விதம்

பிறகு மேட்டை ஒட்டிப் போகும் அந்தத் திருச்சி ரோட்டை அகலமாக்கினார்கள். அதுவரை கண்மாயிலிருந்து கணக்குப் பார்த்த நில விலையை எல்லோரும் ரோட்டிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அருளப்பன் காலமாகிவிட்டார். அவருடைய மகன் சரளை மேட்டை மனை போடுகிற ஒருவருக்கு விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனான். வாங்கியவர் சுற்றிலும் காம்பவுண்டு சுவர் எழுப்பினார். பாதை அடைபட்டது.

அந்த வருஷம் சவரிமுத்துவின் நெல் விளைந்து நின்றது. அறுப்பு மிஷின் உள்ளே போக வழியில்லை. ஆள் வைத்து அறுத்துக் கண்மாய்க் கரையில் தலைச்சுமையாகத் தூக்கலாமென்றால் ஆள் கிடைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. பாதையில்லாத நிலத்தைக் கேட்க நாதியில்லை. விற்பதென்றால் சுவர் எழுப்பியவருக்கே விற்க வேண்டும், அவர் கேட்கிற விலைக்கு.

சவரிமுத்து கேஸ் போட்டார். கண்மாய்க் கரை இருக்கிறதே, அதுவே வழிதான் என்றது எதிர்த்தரப்பு. பங்கு பிரித்த அன்றைக்கே வண்டிப்பாதைக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்று காட்டினால்தான் கேஸ் நிற்கும்.

சவரிமுத்து என் வீட்டுக்கு வந்தார். "அருளப்பன் சொன்னத நேர்ல கேட்டது நம்ம ரெண்டு பேருந்தான். நான் சொன்னா எடுபடாதுங்கய்யா. நீங்க சொன்னாப் போதும், நெலம் பொழச்சுக்கும்."

"வாரேன், சவரிமுத்து" என்றேன். அப்போது சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

3. சாட்சிக் கூண்டு

ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அந்த மனைகளுக்கெல்லாம் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தது நான்தான். சம்மன் வந்ததுமே மனைக்காரர் ஆபீசுக்கு வந்துவிட்டார். "அண்ணே, நீங்க பொய்யே சொல்ல வேணாம். ஞாபகமில்லன்னு சொல்லுங்க, போதும்." கேட்டும் எழுதாமல் விட்டேன் என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் ஊரில் என் பேர் என்னாவது என்ற பயமும் இருந்தது.

கூண்டில் ஏறினேன். பாதையைப் பற்றி அன்றைக்குப் பேச்சு வந்ததா என்று வக்கீல் கேட்டார்.

"ஞாபகம் இல்லைங்க."

சவரிமுத்து என்னைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேஸ் அதோடு முடிந்த மாதிரிதான். பிறகு தீர்ப்பும் அப்படியே வந்தது. சுவர்க்காரர் கேட்ட விலைக்கே நிலம் போனது.

சாட்சி சொன்ன அன்று வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தேன். சவரிமுத்து பின்னாலேயே வந்துவிட்டார். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நெசமாவே ஞாபகமில்லையாங்கய்யா?"

அங்கே ஜட்ஜும் இல்லை, மனைக்காரரும் இல்லை. "இல்லப்பா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இருக்கும்ங்கய்யா. எத்தனையோ பத்திரம் எழுதுற கை. எங்களை மட்டும் எப்படி ஞாபகம் வச்சுக்க முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டே விஷயம் இருக்கிறது. வந்தவர் ஒரு வரி கேட்டால் எழுதிவிடுங்கள், டோக்கன் மறுநாளும் கிடைக்கும். சாட்சிக்குக் கூப்பிட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். சொல்லாதவன் கதி என்ன என்று என்னைக் கேளுங்கள். நான் எழுதிய பத்திரங்களில் முக்கால்வாசி மறந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் அன்று காலையில் பேசியது மட்டும் வார்த்தை பிசகாமல் ஞாபகமிருக்கிறது.