பக்கத்து சீட்டின் பிரேக்

அவளுடைய வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனாலும், பிறர் காரில் போனாலும், குறுக்கே யாராவது வந்துவிட்டால் தரையை ஓங்கி மிதிக்கும். வருஷக் கணக்காகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததன் பலன். ஸ்டியரிங்கை யார் யார் கையிலோ ஒப்படைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் இருந்த தன் பிரேக்கால் ஊரைக் காப்பாற்றி வந்தவள் அவள். தெருவில் எல்லோருக்கும் 'பிரேக் அக்கா'.

இப்போது அந்தக் காரை விற்றாக வேண்டும். ஏசி காரோடு பெரிய டிரைவிங் ஸ்கூல் ஒன்று வந்ததிலிருந்து அவளிடம் ஆள் வருவதில்லை. நல்லவேளையாகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்க அவளைக் கேட்டது. திங்கட்கிழமை முதல் ஓட்டம். மாதம் பிறந்தால் நிச்சயமான வருமானம்! பழைய வேன் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டாள். சனிக்கிழமை வரை பொறுப்பதாக வேன்காரர் சொல்லியிருந்தார். கையிலிருந்த பணமோ பாதிக்கும் கீழே. மீதியைக் கார்தான் தர வேண்டும்.

"ஷோரூம்ல விட்டா உடனே பணம்," என்றார் கணவர். பேக்கரி வேலை முடிந்து, முழங்கை வரை மாவோடு வந்திருந்தார். "ஆனா அவங்க குடுக்குற காசுக்கு வேனோட டயர்தான் வரும்."

மறுநாள் புரோக்கர் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் பெடல் இருக்கேம்மா. பழகுற வண்டின்னு தெரிஞ்சாலே ஓடிருவாங்க. ஒரு பக்கத்தக் கழட்டிட்டு மேல கால்மிதி மேட்டப் போடு. வீட்டு வண்டின்னு நல்ல விலைக்குத் தள்ளிடறேன்."

"கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடிக்கிறப்ப வண்டி அவன் வீட்டு வாசல்ல நிக்கும்."

"இதே தெருவுலதாண்ணே நான் வேன் ஓட்டப்போறேன். அவன் புள்ளையவே ஏத்த வேண்டி வந்தா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஹாரன் அடிப்பேன்?"

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நாமே விற்போம் என்று முடிவாயிற்று. மகள் காரைக் கழுவி, படம் எடுத்து, போனில் விளம்பரம் போட்டாள்.

முதலில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். அவர் ஓட்ட, இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் வழுக்கிக்கொண்டு போனது. திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், இவள் கால் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"என்னம்மா, வண்டி தானா நிக்குது?"

"இல்லண்ணே, நான்தான்..."

அவர் சாவியை அவள் மடியில் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து ஒருவர் ஓட்டிப் பார்க்க வந்தபோது முன்னெச்சரிக்கையாகப் பின் சீட்டில் ஏறி, காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கால் அடங்கியது, வாய் அடங்கவில்லை. "கிளட்ச்! கிளட்ச்! கண்ணாடியப் பாருங்க!"

"நான் வண்டி வாங்க வந்தேனா, பாடம் படிக்க வந்தேனா?" என்று அவரும் இறங்கிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இதைக் கேட்ட கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன்னையும் சேத்துத்தான் விக்கணும் போல."

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க, அந்த பிரேக்குக்காகவே வாங்குறவங்க இருப்பாங்கல்ல? ஏய் குட்டி, போன எடு! நான் சொல்றத அப்படியே போடு. டிரைவிங் ஸ்கூல்ல ஓடின கார். கிளட்ச் புதுசு, பில் இருக்கு. பக்கத்துல உக்கார்றவங்களுக்கும் பிரேக் உண்டு. புதுசா ஓட்டுறவங்க வீட்டுக்கு ரொம்ப நல்லது."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து போன் ஓயவில்லை. முந்திக்கொண்டு நேரில் வந்தது தெருக்கோடியில் இருக்கும் ஒரு வங்கிக் காசாளரும் அவர் கணவரும். லைசென்ஸ் வாங்கியும் அந்த அம்மா இன்னும் காரைத் தொட்டதில்லை, கணவர் விட்டால்தானே!

அம்மா ஓட்டினார். கணவர் பக்கத்து சீட்டில். பின்னால் பிரேக் அக்கா, உதட்டைக் கடித்துக்கொண்டு. வெறிச்சோடிய தெருவில் கார் மூன்று இடத்தில் குலுங்கி நின்றது.

"எறும்பு ஏதாவது குறுக்க போச்சா?" என்றார் அந்த அம்மா.

"சும்மா போட்டுப் பாத்தேன். நல்லாப் பிடிக்குதுடி!" கணவரின் முகம் முழுக்கச் சந்தோஷம்.

வீட்டு வாசலில் அந்த அம்மா பேரத்தைத் தொடங்கினார். "பெடல் ஜாஸ்தியா இருக்கேன்னு கொஞ்சம் குறைச்சுக்..."

"பேசாம இரு!" காருக்குள்ளேயிருந்து கணவர் குரல். மனிதர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. "கேட்ட விலையக் குடு. கிடைக்காத சாமான் இது."

சனிக்கிழமை வேன் வந்துவிட்டது! அவள் ஓட்ட, அவளுடைய கணவர் பக்கத்தில், மகள் பின்னால் எல்லாச் சீட்டிலும் மாறி மாறி. முதல் திருப்பத்திலேயே ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. அவள் பிரேக் போட்ட அதே நொடியில் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். கணவர் கால் தரையை மிதித்திருந்தது.

"அங்க ஒண்ணும் இல்லைங்க."

"தெரியும்டி. உன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு."

தெருக்கோடியில் காசாளர் வீட்டு வாசலில் பழைய கார் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவள் வேகத்தைக் குறைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி நீளமாக ஹாரன் அடித்தாள்.