அண்ணாச்சியின் ஜெபத்தைத் திருத்தினேன்

சங்கரன்கோவிலில் நான் நோட்டு வாங்கும் கடையின் பலகையில் 'யெகோவா துணை' என்று எழுதியிருக்கும். ஆன்லைனில் மூன்று மாதம் எபிரேயம் படித்த தெம்பில், கடைக்கார அண்ணாச்சியிடம் அந்த உச்சரிப்பே தப்பு என்றேன். மூலத்தில் இருப்பவை நான்கு மெய்யெழுத்துகள்தான். யூதர்கள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் 'அதோனாய்', அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை இந்த நான்கு எழுத்துகளில் போட்டுவைக்க, பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்து 'யெகோவா' என்று படித்துவிட்டார்கள். இதையெல்லாம் பில் தாளின் பின்பக்கம் எழுதியே காட்டினேன்.

"அப்போ எப்படித்தாம்லே சொல்லணும்?"

"'யாவே'ன்னு இருக்கலாம்ங்காங்க. உறுதியா யாருக்கும் தெரியாது அண்ணாச்சி."

"இத்தன வருசமா தப்பாவா கூப்பிட்டிருக்கேன்?" என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் நான் கடையில் நிற்கும்போது அவருடைய மகள் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். பிரசவத்துக்கு ஆபரேஷன். ஸ்பீக்கரில் அவள் குரல் எனக்கும் கேட்டது. "உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்கப்பா, ஜெபம் பண்ணுங்க."

அண்ணாச்சி போனை என்னிடம் நீட்டினார். "நீ பண்ணுலே. ஒனக்குத்தான் சரியாத் தெரியும்."

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நம்பித்தான் கொடுத்தார். "ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"அப்பாவப் பண்ணச் சொல்லுங்கண்ணே. அவுக சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தைரியம்."

"எப்பவும் போலக் கூப்பிடுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன்.

"இன்னைக்குப் போயித் தப்பாக் கூப்பிடச் சொல்லுதியா?"

நர்ஸ் அழைப்பது கேட்டது. "சரிப்பா, போறேன்" என்று அவள் போனை வைத்தாள்.

தாயும் பிள்ளையும் நலம்தான். ஆனால் அன்று அவள் அப்பா ஜெபிக்கும் குரலைக் கேட்காமல் உள்ளே போனது என்னால்தான்.