பெட்டிகளை அவிழ்த்துவிட்ட காலை

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள். இருபது வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விசையைக் காட்டி அலுத்துப்போய், போன விடுமுறையில் ஒரு மென்பொருளை மடிக்கணினியில் இறக்கினேன். பொருட்கள் விழுவதையும் மோதுவதையும் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதற்கானது அது. இலவசம். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். தொடங்குபவர்களுக்கான பக்கத்தில் முதலில் ஒரு பெட்டியைப் போடச் சொல்லியிருந்தது. போட்டேன். பெட்டி விழவில்லை. அந்தரத்தில் அப்படியே நின்றது.

அரை மணித்தியாலம் திட்டித் தீர்த்த பிறகுதான் விளங்கியது, அந்த உலகத்தில் ஈர்ப்பு விசையே கிடையாது. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினேன். சக, சய என்ற கூட்டல் கழித்தல் அடையாளத்தை மாற்றிப் போட்டதில் பெட்டி மேலே பறந்தது. திருத்தினேன். நிலம் என்று ஒன்றை நான் சொல்லாததால் கீழே போய்க்கொண்டேயிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் சொல்லாதது எதுவும் அங்கே இல்லை. இதை அன்றைக்கே ஒழுங்காக மண்டையில் ஏற்றியிருக்கலாம்.

ஏற்றவில்லை. நாலு பெட்டி ஒழுங்காக விழத் தொடங்கியதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அண்ணனிடம் பெருமை பீற்றினேன். அண்ணனுக்கு நிலாவெளியில் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிப் போவார். மேலே நின்று பார்த்தால் தூரம் தெரியும் என்று, இரும்புக் குழாய் நட்டு, பலகை அடித்து, ஆறு பேர் இருக்கிற மாதிரி ஒரு மேல்தட்டு கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அதுக்குள்ள என்ர போட்டையும் ஒருக்கா ஓட்டிப் பாரன்," என்றார். அடுத்த நாளே நீளம், அகலம், குழாயின் நிறை எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்து தந்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்த மென்பொருளில் தண்ணீரும் கிடையாது. படகின் அடிப்பக்கத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு அமிழ்கிறதோ அதற்கேற்ற மேலுதைப்பை நானே எழுதினேன். ஆட்களுக்குப் பதிலாகப் பதினான்கு பெட்டிகள் வைத்தேன், கீழே எட்டு, மேலே ஆறு. ஓடவிட்டதும் அவை துள்ளித் துள்ளிக் கடலில் விழுந்தன. அந்த ஆய்க்கினை தாங்காமல் எல்லாப் பெட்டிகளையும் தட்டோடு சேர்த்து இறுக்கிவிட்டேன். படகு அழகாக மிதந்தது. அலை கொடுத்தேன். ஆடியது, நிமிர்ந்தது.

"ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணா," என்று தொலைபேசியில் சொன்னேன்.

என் கணவருக்குக் கடல் என்றால் பயம். படகில் கடக்க வேண்டியிருந்த கிண்ணியாவுக்குப் பாலம் வந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவராகத்தான் இருப்பார். அப்படிப்பட்டவர், மேல்தட்டோடு படகு முதல் தடவை போகிற அன்று தானும் போகிறேன் என்றார். நான் நம்பவில்லை. லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசலில் காலை ஐந்து மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கடலை நம்பியில்லை. உம்மட கணக்கை நம்பித்தான் ஏறுறன்."

எனக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது.

அவர் போன பிறகு, திங்கட்கிழமை வகுப்பில் காட்டலாம் என்று மடிக்கணினியில் படகைத் திறந்தேன். பிள்ளைகள் குறும்புக்காரர்கள், ஏன் மிஸ் ஆட்கள் அசையாமல் இருக்கினம் என்று கேட்பார்கள். அதனால் பெட்டிகளை அவிழ்த்தேன். டொல்பின் இடது பக்கம் வருகிறது என்று வைத்து, பெட்டிகள் எல்லாம் இடது பக்கம் நகரட்டும் என்று ஒரு வரி எழுதி ஓடவிட்டேன்.

இரண்டு விநாடி. படகு குப்புறக் கவிழ்ந்தது.

மென்பொருளில்தான் பிழை என்று நினைத்தேன். அலையை எடுத்துவிட்டு ஓட்டினேன், கவிழ்ந்தது. கீழே உள்ள எட்டையும் திரும்பக் கட்டிவிட்டு மேலே உள்ள ஆறை மட்டும் நகர்த்தினேன், அதற்கும் கவிழ்ந்தது. பேனை எடுத்துத் தாளில் போட்டுப் பார்த்தேன். தாளும் அதையேதான் சொன்னது. எல்லாரும் உயிர்காப்புச் சட்டை போட்டிருப்பார்கள், உண்மைதான். ஆனால் கீழே இருப்பவர்களின் தலைக்கு மேல் பலகை. படகு கவிழ்ந்தால் அந்தச் சட்டையே ஆளை மிதக்கவைத்துப் படகுக்குள் அழுத்திப் பிடிக்கும், வெளியே வர விடாது.

அண்ணனுக்கும் கணவருக்கும் மாறி மாறி அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. கடலில் அண்ணன் எல்லோருடைய கைப்பேசியையும் மூடி போட்ட வாளிக்குள் போட்டுவிடுவார். வீட்டு உடுப்போடு ஓட்டோ பிடித்தேன். வழி நெடுக அண்ணனைத் திட்டினேன், கணவரைத் திட்டினேன். பிறகு திட்டுவதற்கு மிச்சம் நான் மட்டும்தான் இருந்தேன்.

நிலாவெளிக் கரையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். கரைவலை இழுத்து முடித்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் படகு வந்தது, மேல்தட்டோடு, நிமிர்ந்தபடி. வெள்ளைக்காரர்கள் பன்னிரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒவ்வொரு தலையாக எண்ணினேன். என் கணவர் கடைசியாகச் சிரித்தபடி இறங்கினார்.

"உம்மட கணக்குச் சரி. ஒரு ஆட்டமில்லை."

"இண்டைக்கு ஒரு டொல்பினும் காட்டேல்ல தங்கச்சி," என்றார் அண்ணன். "எல்லாரும் முறைச்சுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தவை. நாளைக்கு வேற ஆக்கள், நாளைக்குக் கட்டாயம் காட்டும்."

"அண்ணா, என்ர கணக்குப் பிழை. நாளைக்குப் போக ஏலாது," என்று கத்தினேன். ஆட்கள் அசைவதை நான் எழுதவில்லை என்று சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

"உது கொம்பியூட்டர் போட். இது என்ர போட்."

"அப்ப இஞ்சயே பாப்பம்."

இடுப்பளவு தண்ணீரில் படகை நிறுத்தவைத்தேன். கீழே ஒருவரையும் ஏற விடவில்லை. ஆட்களின் நிறைக்கு ஈரக் கரைவலையை அள்ளிப் போட்டார்கள். மேல்தட்டில் கரைவலைக்காரர்கள் ஐந்து பேரும் அண்ணனும் ஏறினார்கள், ஒரே பகிடியும் சிரிப்பும்.

"டொல்பின்! இடது பக்கம்!" என்று கத்தினேன்.

ஆறு பேரும் ஓர் அடிதான் வைத்தார்கள். படகு நின்று யோசிக்கக்கூட இல்லை. பலகை தண்ணீரில் அறைந்தது, ஆறு பேரும் கடலில் விழுந்தார்கள். வலை முழுவதும் சரிந்து, எட்டுப் பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள். ஒருவருக்கும் காயமில்லை. சிரிப்பும் இல்லை. அண்ணன் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலமை ஒரு டொல்பின் வந்திருந்தா, தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற என் கணவர் என் கையைப் பிடித்தபடியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார்.