அடைக்காத வழி

என் மகன் வீட்டுப் பால்கனியில் ஒரு கரிப்பானை இருக்கிறது. அதில் மருமகள் பன்னீர் ரோஜா வைத்திருக்கிறாள். பானையின் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஊரிலிருந்து என் சாமான்களோடு அந்தப் பானையும் நாவலூரில் வந்து இறங்கிய அன்று அவள் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பூந்தொட்டிக்குன்னே ஓட்டை போட்டு வச்சிருக்கீங்களே அத்தை” என்றாள். திருச்சிப் பக்கத்துப் பெண், சூதுவாது தெரியாதவள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் மகன் மிச்சச் சாமானை ஏற்றி வருவதாகச் சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டான்.

அது பூந்தொட்டி இல்லை, எலி வேட்டைக்கு மூட்டம் போடுகிற பானை. உள்ளே வைக்கோலும் உடைத்த வறட்டியும் போட்டுப் பற்றவைத்து, பானையின் வாயை எலி வளையின் வாயோடு வைத்துச் சுற்றிலும் சேற்றைப் பூசிவிட்டு, அடியில் இருக்கிற ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். புகை வளைக்குள் ஓடும். என் வீட்டுக்காரர் அதில் பல ஐப்பசிகள் ஊதினார். ஓட்டையைச் சுற்றி வழவழவென்று இருக்கிற வட்டம் அவர் உதடு பட்ட இடம். அங்கே இப்போது ரோஜாவுக்கு ஊற்றுகிற தண்ணீர் சொட்டுகிறது.

அவர் அரசு பேருந்தில் டிரைவர். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, வாடைக்காற்று அடித்தால் கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரே ஊர், ஒரே சனம். எங்கள் வீட்டில் சர்ச்சுக்குப் போவோம், அவர்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் நிலத்தில் சேற்றில் நின்றே காலத்தைத் தள்ளியவர்கள். எங்களுடையது என்று சொல்ல வரப்பில் ஒரு பிடி புல்கூடக் கிடையாது. அப்படி இருக்க, இந்த மனுஷன் ரிட்டையர் ஆனதும் முதல் வேலையாக ஏரிக்குக் கீழே ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேற்றிலிருந்து ஏறி வரத்தானே இவ்வளவு பாடுபட்டோம், மறுபடி அதிலேயே இறங்கணுமா என்று கேட்டேன்.

“அது அடுத்தவன் சேறுமே. இது நம்ம சேறு” என்றார்.

“குத்தகைச் சேறு” என்றேன்.

“வந்து நின்னு பாரு, அப்புறம் பேசு.”

நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரித் தரையில் நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்ட கால்கள் அந்தச் சேற்றில் இறங்கினதும் எனக்கு ஏற மனமில்லை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். சொர்ணவாரிப் போகத்து அறுப்பு முடிந்து சம்பா நடவுக்கு நிலத்தைத் தயார் செய்கிற அந்த மாதங்கள்தான் எங்கள் இருவருக்கும் வாய்த்த நல்ல காலம். பிள்ளைகளைப் படிக்கவைத்த வருஷங்களில் அவருக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட். ஒருவர் படுத்த பாயில் இன்னொருவர் படுத்தோம். அறுபதுக்கு மேல்தான் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தோம், அதுவும் வரப்பில்.

வேட்டை வேறு எப்போதும் இல்லை, ஐப்பசியில்தான். சொர்ணவாரி நெல்லைத் தின்று கொழுத்த எலிகள், வயலில் தண்ணீர் ஏறினதும் வரப்புக்குக் குடி வந்துவிடும். வரப்பைக் குடைந்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் விடிவதற்குள் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும், நடவு நட முடியாது. ஆகவே நடவுக்கு முன்னால் எலியைப் பிடித்தே ஆகவேண்டும். ஆனால் புரட்டாசியில் அவர் வீட்டில் யாரும் கவுச்சி தொடமாட்டார்கள். அதனால் புரட்டாசி முழுக்க எலிகளுக்கு ராஜபோகம். ஐப்பசி பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகு வேட்டை. கர்த்தருக்காகவும் பெருமாளுக்காகவும் எலி காத்திருக்கும் என்று கொழுந்தன் கிண்டல் பண்ணுவார்.

ஒரு வளைக்கு வாசல் ஒன்றுதான், தப்பிக்கிற வழிதான் ஐந்தாறு இருக்கும். வழிக்கு ஓர் ஆள் கோணிப்பையோடு நிற்க வேண்டும். ஆள் இல்லாத வழியைக் களிமண் உருண்டையால் அடைத்துவிட வேண்டும். யாராவது அவசரத்தில் ஆள் நிற்கிற வழியையே அடைக்க உருண்டையோடு குனிந்தால், “அடைக்காத, ஆள் நிக்குது” என்று என் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போடுவார், வரப்பே அதிரும். பஸ் ஓட்டும்போதும் இதே குரல்தான். கண்டக்டர் ரைட் கொடுத்தாலும் தூரத்தில் ஒரு கிழவி கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தால், “இரு, ஆள் நிக்குது” என்று வண்டியை நிறுத்திவிடுவார். நிற்பவரை விட்டுவிட்டுப் போவது அவருக்கு ஆகவே ஆகாது.

எல்லா வழியிலும் கஷ்டமானது பின்வழி. எலி அதை வெளியே தெரியாதபடி மெல்லிய மண்ணால் மூடி வைத்திருக்கும். உயிர் போகிற நேரத்தில் முட்டிக்கொண்டு அதன் வழியாகத்தான் பாயும். அங்கே நிற்பது எங்கள் பெரிய மகன். அடுத்தவர் வரப்புகளில் வேட்டையாடிய காலத்தில், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே அது அவன் இடம். அவனுக்குக் கை அவ்வளவு வேகம், கண் இமைக்கமாட்டான். சின்னவன், கொழுந்தன், அவர் பெண்டாட்டி எல்லோரும் மற்ற வழிகளில். நான் ஒரு வழியில் நிற்பேன், பக்கத்தில் என் முதலுதவிப் பெட்டி இருக்கும். எலி கடித்தாலும் கடிக்காவிட்டாலும் எல்லோருக்கும் சோப்பு போட்டுக் கைகழுவி ஊசி போட்டுத்தான் சோறு போடுவேன். “உங்க அண்ணிக்கு எலி ஒரு சாக்கு, நம்மளக் குத்தணும்” என்று அவர் தம்பியிடம் சொல்வார். வைக்கோல் நெருப்பில் பொசுக்கி, மிளகு தூக்கலாக வைக்கிற அந்தக் குழம்பின் வாசனையில் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் வாய் மூடாது.

பெரிய மகன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஓரிரு வருஷம் வந்தான். ஒரு தடவை இவர் வேட்டை முடிந்து, எலிகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மகன் தோளில் கைபோட்டு எடுத்த போட்டோவைத் தன் வாட்ஸப் முகப்பில் வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து அவன் போன் பண்ணினான். “நைனா, அந்தப் போட்டோவ எட்த்துடு. ஆபீஸ்ல நம்பர் இருக்கறவங்க பாக்கறாங்க. ஒரு மாதிரி கேக்கறாங்க.” அவர் உடனே எடுத்துவிட்டு ஏரி போட்டோவை வைத்தார். நான் கத்தினேன். “வுடுமே, அவன் சொல்றது கரெக்ட்தான். அவன் அங்க உக்காந்து சாப்புடணும் இல்ல” என்றார். நானும் ஒரு காலத்தில் மறைத்தவள்தான். நர்சிங் ஹாஸ்டலில் ஐப்பசி லீவு முடிந்து போனால் ஊரில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். கோழி என்பேன். நாங்கள் எலி தின்கிறவர்கள் என்று தெரிந்தால் தட்டைத் தள்ளி வைக்கிறவர்கள் அந்த மேசையிலேயே இருந்தார்கள்.

அதற்கப்புறம் அவன் வேட்டைக்கு வரவில்லை. கல்யாணம் ஆனது. மருமகளிடம் நைனா விவசாயம் பண்ணுகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தான். சின்னவன் துபாய் போனான். கொழுந்தன் கம்பெனியில் ஷிப்டு மாறிக்கொண்டே இருந்தார், அவர் பெண்டாட்டிக்கு மூட்டுவலி. ஒவ்வோர் ஐப்பசியிலும் வரப்பில் ஆள் குறைந்து களிமண் உருண்டை கூடியது.

போன வருஷம் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்று தயாராக இருந்தது, வயலில் தண்ணீர் நிற்கவில்லை, மழையோ தினமும் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவனுக்குப் போன் போட்டார். “இந்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸ் கீது நைனா, அடுத்த வாரம் பாக்கலாம்” என்றான். அடுத்த வாரம் வரை நாற்று காத்திருக்குமா? சர்ச்சுக்குக் கட்டியிருந்த புடவையை மாற்றிக்கொண்டு நான் கோணிப்பையை எடுத்தேன்.

அன்றைக்கு அவர் களிமண்ணைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாக அடைத்தார். முதல் உருண்டையை வைத்து, “இது சின்னவன், துபாய்லேர்ந்து வந்துட்டான்” என்றார். அடுத்தது, “இது தம்பி.” அதற்கடுத்ததில் இன்னொரு கை மண்ணை அள்ளி அப்பினார். “இது தம்பி பொண்டாட்டி. கொஞ்சம் பெருசா வெக்கணும்.” நான் சிரித்தேன். பின்வழியைத் தேடிக் கண்டுபிடித்து, இருக்கிற மண்ணையெல்லாம் சேர்த்து உருட்டி வைத்து, முதுகில் தட்டிக்கொடுக்கிறாற்போல இரண்டு தட்டுத் தட்டினார். “இது பெரியவன். இனிமே கவலையில்ல” என்றார்.

மிச்சம் இருந்த ஒரு வழியில் நான் நின்றேன். அவர் மண்டிபோட்டு ஊதினார். முன்போல் மூச்சு இல்லை, ஊதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். புகை வந்தது, என் வழியில் எலி வரவில்லை. பின்வழி உருண்டை அசைந்தது. பிறகு நடுவில் வெடித்தது. மண்ணோடு மண்ணாக ஒரு பெருச்சாளி கணக்காக எலி வெளியே வந்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பக்கத்து நிலத்துக்குள் நிதானமாகப் போனது. இவர் பானையிலிருந்து வாயை எடுத்தார். முகமெல்லாம் கரி, கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. “பாத்தியா, பெரியவன் வுட்டுட்டான்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

அப்படியே வரப்பில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டார். “டேய், உன் வழியாத்தான்டா போச்சி” என்றார். அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். இவர் சரி சரி என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “மீட்டிங்ல கீறானாம்” என்றார். பிறகு நாங்கள் இருவரும் மண்வெட்டியால் வரப்பை அணைத்துக் கட்டினோம். தெருவில் மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தேன், அவர் பாதிச் சோற்றில் எழுந்துகொண்டார்.

நடவு நட்டோம். தண்ணீர் நின்றது. மார்கழியில் பயிர் கதிர் வாங்குகிற நேரத்தில் ஒரு காலை, வயலுக்குக் கிளம்பிச் சைக்கிளை வெளியே எடுத்தவர் அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். எத்தனையோ பேருக்கு நெஞ்சை அழுத்திப் பிழைக்கவைத்த கை என்னுடையது. அவரை அழுத்தும்போது ஒன்றும் நடக்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தை மாதம் கொழுந்தன் மிஷின் வைத்து அறுத்துக் கொடுத்தார். நிலம் சொந்தக்காரரிடம் திரும்பிப் போனது, நான் இங்கே வந்தேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் தனியாக விடமாட்டாள், டிவி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆனாலும் காலையில் எழுந்ததும் யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் படுத்திருக்கிறேன். அது ஒரு பெரிய கஷ்டம். மழை பெய்தால் வரப்பு நிற்குமா என்று மனசு ஓடுகிறது. எந்த வரப்பு? இந்த வீட்டில் ஐப்பசி பிறந்தது என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. மகன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தான். மருமகள் எதையோ கையில் உருட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டை உடைசலை அடைக்கிற பசை, சாம்பல் நிறத்தில் களிமண் உருண்டை மாதிரியே இருந்தது. “கீழ்வீட்டுக்குத் தண்ணி சொட்டுதுன்னு சொல்றாங்க அத்தை. இந்த ஓட்டையை அடைச்சிடறேன்” என்று பானையைச் சாய்த்துக் குனிந்தாள்.

“அடைக்காத, ஆள் நிக்குது” என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. அது என் குரலாகவும் இல்லை. மருமகள் உருண்டையும் கையுமாக நின்றுவிட்டாள். மேசையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

“யாரு அத்தை?” என்றாள். குரலில் பயம் இருந்தது. கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மகன் எழுந்து வந்தான். அவள் கையிலிருந்து உருண்டையை வாங்கிக்கொண்டு, பானைக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். அந்த உட்கார்தலை நான் வரப்பில் பார்த்திருக்கிறேன்.

“அது என் வழி” என்றான். “நான்தான் நிக்கல.”

“என்ன வழி?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பானையைச் சாய்த்து ஓட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துச் சொட்டுகிற தண்ணீரை வாங்கினான்.

“எலி வழி” என்றான். “எங்க நைனா எலி புடிப்பாரு. நாங்க சாப்புடுவோம். நான் சொன்னதில்ல உங்கிட்ட.”

மருமகள் அவனுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அவன் வளையையும் புகையையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். கேட்டீங்களா என்று அவரிடம் சொல்ல நான் பின்பக்கம் திரும்பினேன். அங்கே துணி காயப்போடுகிற கொடிதான் இருந்தது.