முனிக் கல்லை நம்பி வாங்கிய வீடு

ஈப்போவில் ஈயம் தோண்டி முடித்துவிட்டுப் போன நிலத்தில் கூலியாட்களுக்கு வரிசை வீடுகளாக லயம் கட்டினார்கள். தோண்டின இடம் பெரிய குளமாகக் கிடந்தது. அதை மணல் போட்டுத் தூர்த்தவர்களில் நானும் ஒருவன். தூர்த்தவர்களுக்கே வீடு என்று கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். அதுவரை தகரக் கொட்டகைதான். வீடு கைக்கு வந்தபோது என் மனைவிக்கு ஏழாம் மாதம்.

வேலை தொடங்கிய அன்று குளத்தின் கிழக்குக் கரையில், கெட்டித் தரையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, முனிக்குக் கோழி அறுத்தோம். யாரையும் உள்ளே இழுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டோம். நடுவில் ஒரு மாதம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தால் எங்கும் ஒரே வெள்ளை மணல். எது குளம், எது கரை, ஒரு மண்ணும் விளங்கவில்லை. கல் மட்டும் இருந்தது. கல் இருக்கும் இடம் கரை, அது போதும் என்று நினைத்தேன். கல்லுக்குக் கிழக்கே உள்ள வீடுதான் வேண்டும் என்று கிராணியிடம் சண்டை போட்டு வாங்கினேன். மேற்கே குடிபோனவர்களை மடையர்கள் என்று திட்டவும் செய்தேன்.

மழை பிடித்த மூன்றாம் வாரம் என் வீட்டுத் தரை நடுவில் பிளந்தது. விரல் விடலாம். மேற்கே ஒரு வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குழாயடியில் கத்தினேன். என்னோடு மண் சுமந்த ஒருவன் சிரித்தான்.

"அந்தக் கல்லயா நம்புன? மண் வண்டி போற வழியில இருந்துச்சுலா. முனி மேல சக்கரம் ஏறலாமா? நாங்கதான் பூச போட்டுத் தூக்கித் தள்ளி வச்சோம்."

"எங்கேருந்துடா தூக்குனீங்க?"

"அந்தா, அந்த மூலையிலேருந்து."

"பொய்யி," என்றான் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவன். "இந்தப் பக்கத்துலேருந்து. நான்தான கோழி பிடிச்சேன்!"

இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் கை காட்டினார்கள். யாரை உதைப்பது என்று தெரியவில்லை. சாமிக்கு மரியாதை செய்தவர்களை எப்படி உதைப்பது?

கிராணியிடம் போனேன். "நீதானய்யா அடம்பிடிச்சு வாங்குன? போ," என்றார்.

கடப்பாரையை எடுத்து வந்து வீட்டுக்குள் குத்திப் பார்த்தேன். அடுப்புப் பக்கம் 'ணங்' என்றது. வாசல் பக்கம் சிமெண்டைத் தாண்டியதும் கூழில் விட்டதுபோல இறங்கியது. இரண்டு முழம் தள்ளிக் குத்தினேன், கெட்டி. அதற்கும் அப்பால் மறுபடி கூழ். என்ன குளம் இது?

"ஏங்க, எந்தப் பக்கந்தான் படுக்கிறது?" என்றாள் என் மனைவி.

"தெரியல," என்றேன்.

கடப்பாரையைப் பிடுங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே அடுப்போரம் நாலு இடத்தில் குத்தினாள். நாலும் 'ணங்' என்றன. பாயை அங்கே விரித்தாள். பிள்ளை அந்த மூலையில்தான் பிறந்தது. தவழ ஆரம்பித்ததும், பிளந்த பக்கம் போகாமல் இருக்கக் குறுக்கே ஒரு பலகையை அடித்து வைத்தேன்.

அந்த வீடு கரையில் இருந்ததா, குளத்தில் இருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.