அன்னம்மாளுக்கு ஓர் அருங்காட்சியக மெழுகுதிரி

சிலாபம் சந்தையில் இறாலுக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. பிலோமினா ரீச்சரின் மகள் மரினா. "அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றாள். இறாலை விட்டுவிட்டு மாம்புரிக்கு பஸ் ஏறினேன்.

ரீச்சரும் நானும் ஒரே பாடசாலையில் படிப்பித்தவர்கள். அவர் குரல் கேட்காத ஒழுங்கை மாம்புரியில் கிடையாது. எங்கள் கோயில் பங்கிலிருந்து போர்த்துக்கலுக்கு யாத்திரை போனபோது அவருக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம். பயணம் முழுக்க அவர் கதைத்தார், நான் நித்திரையை மறந்தேன்.

அந்தக் கதைக்குள் ஒரு பயம் இருந்தது. முந்தி ஒருமுறை மரினாவுக்குப் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அப்போது மறுபடியும் அவளுக்கு நாள் நெருங்கியிருந்தது. மகளுக்கு நோவெடுக்கும் நேரம் புனித அன்னம்மாள் சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரி கொளுத்துவதாக ரீச்சர் நேர்ந்திருந்தார். தலவில அன்னம்மாள் கோயிலில் வாங்கிய திரி அவருடைய கைப்பையிலேயே இருந்தது.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி வந்தபோது நாங்கள் ஒரு கடலோரச் சிற்றூரின் அருங்காட்சியகத்தில் நின்றோம். இரண்டே அறைகள். வலைகள், நங்கூரம், எங்கள் வீட்டுக் கதிரை மாதிரியே ஒரு கதிரை. மூலையில் மரத்தில் செய்த அன்னம்மாள் சுரூபம். ரீச்சர் செருப்பைக் கழற்றினார், தடுப்புக் கயிற்றைத் தாண்டினார், முழந்தாளிட்டுத் திரியைக் கொளுத்தினார். அபாயமணி கத்தத் தொடங்கியது.

பொறுப்பாளரான முதியவர் ஓடிவந்து திரியை ஊதி அணைத்துவிட்டார். நேர்த்தித் திரியை எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் ஊதுவதில்லை. ரீச்சர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மகளுக்கு இப்போது பிரசவ நேரம் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

முதியவர் திரியை எடுத்துப்போய், சுரூபத்துக்கு நேரான யன்னலின் வெளிப்படியில் வைத்துத் தானே கொளுத்தினார். அது எரிந்து முடியும்வரை தன் தொப்பியால் கடற்காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். பஸ்காரருக்குத்தான் பொறுமை போனது.

பெண் பிள்ளை பிறந்து இருவரும் சுகம் என்ற செய்தி வந்தபோது பஸ் நெடுந்தூரம் வந்துவிட்டிருந்தது. ரீச்சர் உடனே பஸ்ஸைத் திருப்பச் சொன்னார். எங்களைக் கூட்டிவந்த பங்குச் சுவாமி, தொலைபேசியில் சொன்னால் போதாதா என்று கேட்டார்.

"கவலையச் சொன்ன ஆளுக்குச் சந்தோசத்தையும் நேர போய்ச் சொல்லோணும் சுவாமி. இல்லாட்டி அந்த மனுசன் என்ட கவலையோடயே படுக்கும்" என்றார் ரீச்சர்.

பஸ் திரும்பியது. பூட்டியிருந்த கதவை ரீச்சர் தட்டிய தட்டில் முதியவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். ரீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுபோன, பல்லில் ஒட்டும் தொதல் இனிப்பில் ஒரு துண்டை ரீச்சர் அவர் வாயில் வைத்தார். தொதலோடு சேர்ந்து அவருடைய பொய்ப்பல்லும் கழன்று வந்தது. பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பஸ்காரரும் சிரித்தார்.

ரீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது நேரில் போய்ச் சொல்லும் அந்த வழக்கம் ஒன்றுதான். அவருடைய செத்தவீட்டில், இங்கே கூடியிருக்கும் உங்களில் எத்தனையோ பேரின் தோளில் சாய்ந்து அழுதேன். இன்று காலை அந்தப் பல்லை நினைத்துத் தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். என் அழுகையைக் கேட்டவர்கள் நீங்கள். அதனால்தான் இதையும் உங்களிடம் வந்து சொல்கிறேன்.