உலக்கைக்குப் பாடியவர்

தவராசா வாத்தியார் கல்யாண வீட்டில் பாடுவார், கோயிலில் பாடுவார், கொழும்பு வானொலியிலும் பாடியிருக்கிறார். செத்தவீட்டில் மட்டும் பாடமாட்டார். அங்கே பிணத்துக்குச் சுண்ணம் இடிக்கிற உரலடியில் நின்று ஒருதரம் சுண்ணப்பாட்டுப் பாடினவனைப் பிறகு நல்ல காரியத்துக்கு ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். நாலு வருசம் தமிழ்நாட்டில் கிடந்து படித்த சங்கீதத்தை அப்படி விட்டுக்கொடுக்க அவர் ஆயத்தமில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டையால் யாழ்ப்பாணத்து இணுவிலை விட்டு வன்னிக்கு இடம்பெயர்ந்தபோது, வள்ளத்தில் தம்புராவுக்கு இடம்வேண்டி அரிசிப் பையை இறக்கிவிட்டார். மனைவி ஜெகதீஸ்வரி அதை வருசக்கணக்காகச் சொல்லிக்காட்டினார். அக்கராயனில் அப்புத்துரை என்ற கமக்காரர் தன் வளவில் ஒரு மூலையை விட்டார். கொட்டில் மேயக் கிடுகு கொடுத்தது அப்புத்துரையின் மனைவி அன்னபாக்கியம். மாமரத்தின் கீழ் பிள்ளைகள் சரளி வரிசை படிக்க, மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி அவரும் சேர்ந்து பிழையாகப் பாடுவார். வாத்தியார் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

தொண்ணூற்றேழில் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வாத்தியாரின் கச்சேரியைப் போட்டார்கள். இடம்பெயர்ந்த பிறகு முதல் மேடை. அதற்கு ஒரு கிழமை இருக்க, அன்னபாக்கியம் மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போனார்.

சுண்ணம் பாடுகிற வீரையா வவுனியாவுக்குப் போனவர், திரும்ப விடாமல் நெளுக்குளம் முகாமில் அகப்பட்டுக் கிடந்தார். வேறு ஆள் இல்லை. அப்புத்துரை கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியார், உங்களைக் கேக்கப்படாதுதான்."

"அப்ப கேளாதேங்கோ அண்ணை."

"சரி, பாட்டில்லாமல் இடிக்கிறம். உங்கடை பாட்டெண்டால் அவள் மாட்டையும் மறந்துபோட்டு நிக்கிறவள்."

அவர் போய்விட்டார். குசினிக்குள் இருந்து ஜெகதீஸ்வரி சொன்னார்: "தலைக்கு மேலை கிடக்கிற கிடுகு ஆர் தந்தது எண்டு ஒருக்கா அண்ணாந்து பாருங்கோ."

வாத்தியார் அண்ணாந்து பார்க்கவில்லை. சால்வையை எடுத்தார். "கச்சேரி போகும் எண்டு தெரிஞ்சுதான் போறன்" என்றார்.

முற்றத்து உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் கிடந்தன. அன்னபாக்கியத்தின் மகன் கிருசாந்தன் உலக்கையைத் தூக்கினான். வாத்தியார் கண்ணை மூடி, மேடைப் பழக்கத்தில் முகாரி ராகத்தை ஆலாபனையாக இழுக்கத் தொடங்கினார். தூக்கிய உலக்கை தூக்கியபடி நின்றது. ராகம் மேலே போய்ச் சுற்றி இறங்கி, திரும்பவும் மேலே போனது. ஒப்பாரி வைத்த பெண்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் செத்தவரின் தமக்கை வாய் திறந்தார்.

"தம்பி, நல்லாத்தான் கிடக்கு. பெடியன்ரை கை உளையுது. அவனை இடிக்க விடுங்கோ."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புத்துரையும் சிரித்தார்.

வாத்தியார் ராகத்தை விட்டார். உலக்கை விழுகிற இடத்தில் சொல்லை வைத்துப் பாடினார். கிருசாந்தன் அழுதுகொண்டு இடித்தான். ஓர் இடி பிந்தும், ஓர் இடி முந்தும். தாளம் பிசகினால் பிள்ளைகளின் தொடையில் அடிக்கிற மனுசன், அன்றைக்குப் பிசகின தாளத்தின் பின்னாலேயே போனார்.

கச்சேரியை ஒருவரும் நிறுத்தவில்லை. கோயில் தலைவர் யோகநாதன் நல்ல மனுசன். சொன்ன சொல் மாறாமல் மேடை ஏற்றினார். வாத்தியார் கலகலப்பான பாட்டுகளாகத்தான் தெரிந்தெடுத்து வந்திருந்தார். ஆனால் ஒரு கிழமைக்கு முன் உரலடியில் கேட்ட அதே குரல். இரண்டாம் பாட்டுக்குள் முன்னுக்கு இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்கள். சாவு விழாத வீடு அந்த நாளில் எங்கே இருந்தது? யோகநாதன் மேடையில் ஏறிக் காதுக்குள் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ ஐயா. மங்களத்தைப் பாடி முடிப்பமே? சனம் அழுகுது."

"பாட்டிலை பிழையோ?"

"பிழையெண்டால் ஆர் அழப்போயினம்?"

அதோடு மேடை இல்லை. கல்யாண வீட்டுக்காரரும் வேறு ஆளைப் பிடித்தார்கள். மாமரத்தடி வகுப்பு மட்டும் நடந்தது. செத்தவீட்டுக்காரர் தேடி வந்தார்கள். முதல் இரண்டு மூன்று தரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். பிறகு சுளிக்காமல் போனார்.

இரண்டாயிரத்தொன்றில் ஒருநாள் காலை, வகுப்பு நடக்கும்போது ஒருவர் சைக்கிளில் வந்து படலையடியில் இறங்கினார். ஆர் செத்தது என்று வாத்தியார் கேட்கவில்லை. தம்புராவை மரத்தில் சாத்திவிட்டு எழும்பினார்.

"உலக்கை பிடிக்கிறது வயசாளியோ, இளந்தாரியோ?"